எப்பவும் இப்படித்தானா?

ஆர்த்தோ வார்டிலிருந்து அழைப்பு வந்தபோது இரவு ஏழரை மணி இருக்கும். "பதினாலாம் பெட், மேடம். ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிஞ்சிட்டார். கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்க்கிறார். சைக்கியாட்ரி கேஸ் மாதிரி இருக்கு. உங்க வார்டுக்கே மாத்திக்கிட்டா நல்லது" என்றார் பயிற்சி மருத்துவர். குரலில் பயம் தெரிந்தது.

போய்ப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கால் முழுக்க மாவுக்கட்டு. இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். கட்டுக்குள்ளேயே விரல்களை வளைத்து எதையோ பற்றி இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் விளங்கியது, அது ஸ்டியரிங். மனிதர் லாரி ஓட்டுநர். உடம்பு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. சுவரில் எறும்பு சாரைசாரையாகப் போகிறது, தட்டிவிடுங்கள் என்று கெஞ்சினார். விபத்து நடந்து அது மூன்றாம் நாள். கேஸ் ஷீட்டில் குடிப்பழக்கம் என்ற இடத்தில் 'எப்போதாவது' என்று எழுதியிருந்தது.

அவர் மனைவியை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். குடிப்பாரா என்று கேட்டால் பத்துப் பேர் நடுவில் எந்த மனைவியும் 'எப்பவாச்சும்' என்றுதான் சொல்வாள். "கடைசியா எப்பம்மா குடிச்சார்?" என்று கேட்டேன். "அடிபட்ட அன்னிக்குக் காலையில" என்றார். காலையில் என்ற அந்த ஒரு சொல் போதும். நாள் தவறாமல் குடித்தவருக்குத் திடீரென்று அது நின்றுபோனால், பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இந்த நிலை வரும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். லோராசெபாம் எழுதினேன். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போடச் சொன்னேன். வரிசை மாறினால், 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த மூளைப் பாதிப்புக்கு நாமே வழி திறந்துவிட்டதாக ஆகும். அவரை எங்கள் வார்டுக்கு மாற்றவில்லை. அவருக்கு வேண்டியது மருத்துவக் கண்காணிப்பு, கொஞ்சம் வெளிச்சம், பக்கத்தில் மனைவி.

கிளம்பும்போது பதினோராம் கட்டிலருகே ஒரு பெண் எழுந்து நின்றாள். "மேடம், எங்கப்பாவையும் ஒரு தடவை பாருங்களேன்." அவள் அப்பாவைப் பார்க்கச் சொல்லி எனக்கு யாரும் எழுதியிருக்கவில்லை. எழுபது தாண்டிய விவசாயி, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்தவர். கண்மூடிச் சாந்தமாகப் படுத்திருந்தார். "நல்லாத்தானே தூங்குறார்" என்றார் சிஸ்டர். மகள் தலையசைத்தாள்: "எங்கப்பா பகல்ல படுக்கவே மாட்டார் மேடம். நாலு நாளைக்கு முன்னாடி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போதுகூட, இதுக்கு எவ்வளவு செலவாகும்னு டாக்டர்கிட்டயே கணக்குக் கேட்டார். முந்தாநாள்லேர்ந்து இப்படி இருக்கார். ராத்திரி எழுந்து என்னை எங்கம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார்."

தோளைத் தொட்டு எழுப்பினேன். "ஐயா, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து கிழமையெல்லாம் பின்னாலேர்ந்து சொல்லுங்க பார்ப்போம்." ஞாயிறு என்றார். சனி என்றார். நெடுநேரம் கழித்து மறுபடி ஞாயிறு, திங்கள் என்று பழகிய பாதையில் இறங்கி, செவ்வாயில் உறங்கிப்போனார். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சோடியம் 116. இருக்கவேண்டியது 135க்கு மேல். பல வருடமாகச் சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையில் உப்பை இறக்கும் மருந்து ஒன்று இருந்தது. அறுவையும் அதற்குப் பிறகு ஏற்றிய திரவமும் மிச்சத்தைச் செய்திருந்தன.

வார்டையே கலக்கிய பதினாலாம் எண்ணுக்கு மூன்று மருத்துவர்கள் ஓடிவந்தார்கள். அவருக்குச் சற்றும் குறையாத ஆபத்தில் இருந்த பதினோராம் எண்ணை நல்ல நோயாளி என்று எல்லோரும் நினைத்தார்கள். பொது மருத்துவமனையில் மனநிலைக் கோளாறுகள் தவறிப்போவது பெரும்பாலும் இப்படித்தான். சத்தம் போடுகிறவரைப் பைத்தியம் என்போம். சத்தமில்லாதவரைப் பார்க்கவே மாட்டோம்.

பாடநூல் இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறது, டெலிரியம். லத்தீனில் உழுசாலை விட்டு விலகுவது என்று வேர்ப்பொருள். நம்மிடம் அதைவிட நல்ல சொல் ஒன்று இருந்தது: ஜன்னி. என் பாட்டி தலைமுறையில், காய்ச்சலில் பிதற்றுகிறவனை யாரும் பைத்தியம் என்று சொன்னதில்லை. ஜன்னி கண்டிருக்கிறது என்றார்கள். சன்னிபாதம் என்று வைத்தியம் சொன்னதன் சுருக்கம் அது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்டுப்போன நிலை. அந்த விளக்கத்தை இன்று நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் பிதற்றலைக் கேட்டவுடன் உடம்பைத் தேடு என்ற அறிவு அந்தச் சொல்லுக்குள் இருந்தது. இன்றைய வார்டில் அதே பிதற்றலைக் கேட்டால் மனநலத் துறைக்குச் சீட்டு எழுதுகிறோம். ஒரு சொல்லை இழந்தபோது அதனோடு ஒரு வைத்தியப் புத்தியையும் இழந்துவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷாரன் இனூயி 1990இல் ஒரு எளிய முறையை வகுத்துக் கொடுத்தார். திடீரென்று வந்ததா, ஏறி இறங்குகிறதா? கவனம் நிற்கவில்லையா? இந்த இரண்டும் இருக்கவேண்டும். கூடவே பேச்சு கோவையில்லாமல் போவது, விழிப்புநிலை மாறியிருப்பது இரண்டில் ஒன்று இருந்தாலும் போதும். இதில் முதல் கேள்விக்கு மருத்துவரால் பதில் சொல்லவே முடியாது. நேற்று இவர் எப்படி இருந்தார் என்பது மருத்துவருக்குத் தெரியாது. காலை ரவுண்ட்ஸில் தெளிவாகப் பெயரும் ஊரும் சொன்னவர் ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி இருந்தார் என்பது நைட் டியூட்டி சிஸ்டருக்கும், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த மகளுக்கும்தான் தெரியும். "இவர் எப்பவும் இப்படித்தானா?" இந்தக் கேள்வியை நான் என் ஆசிரியர்களிடமிருந்து கற்றதாகச் சொல்லமுடியவில்லை. இந்த மாதிரி மகள்களிடமிருந்து கற்றேன்.

அந்தப் பெரியவரின் சோடியத்தைப் பல நாள் எடுத்து, நிதானமாக ஏற்றினோம். அவசரப்பட்டு ஏற்றினால் மூளையே சேதமாகும். ஐந்தாம் நாள் நான் போனபோது மகளிடம் கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று அதட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டு வாங்கியபடியே அவள் அழுதுகொண்டிருந்தாள்.

இனி இதற்கு நேர் எதிர்த்திசையில் நடக்கும் தவறு. உடம்பு நோய் மனநோயாகத் தெரிவது ஒன்று என்றால், மனநோய் உடம்பாகவே வந்து நிற்பது மற்றொன்று.

ஐம்பது வயதை நெருங்கிய ஒரு அம்மா. மடியில் மஞ்சப்பை. அதற்குள் நான்கு வருடத்து ஸ்கேன்களும் சீட்டுகளும். உடம்பெல்லாம் எரிகிறது, நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது, உள்ளங்காலில் தணல், தலை கிறுகிறுப்பு. எக்கோ, என்டோஸ்கோபி, தைராய்டு, மூளை ஸ்கேன் என ஒன்று பாக்கியில்லை. கடைசியில் என்னிடம் வந்த சீட்டில் ஒரே வரி: எல்லாப் பரிசோதனையும் நார்மல், மனநலக் கருத்து வேண்டும். உட்காரும் முன்பே கேட்டார், "நான் பொய் சொல்றேன்னுதானே இங்க அனுப்பிட்டாங்க?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. எந்தப் பரிசோதனையிலும் எதுவும் கிடைக்காததாலேயே ஒருவருக்கு மனநோய் என்று சொல்வது நோய்க்கணிப்பு ஆகாது. அது மிச்சக் கணக்கு. கழித்துக் கழித்துப் பார்த்து, மீந்ததை மனநலத் துறையின் தலையில் கட்டுவது. மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் அவற்றுக்கே உரிய தடயங்கள் உண்டு. இதயநோயைத் தேடுவதுபோல அவற்றையும் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுதும் நேர்மையும் வேண்டும். எங்கள் துறைக்காரர்களே இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். 'மனரீதியானது' என்று எழுதி அனுப்பிவிடுவது சுலபம்.

தேடினேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. அந்த நேரத்தில்தான் நெஞ்சுக் கல் மிகக் கனமாக இருக்கும். பொழுது ஏற ஏறக் கொஞ்சம் இளகும். ஆறு ஆடுகள் வைத்திருந்தாராம், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. எல்லாவற்றையும் விற்றுவிட்டார். "ஏம்மா?" என்றேன். "பார்க்கப் பிடிக்கல" என்றார். கூட வந்திருந்த நாத்தனார் குறுக்கிட்டார்: "அதுங்க இல்லாம ஒரு வேளை சோறு தின்ன மாட்டாங்க மேடம், அப்படி இருந்தவங்க." நோய் அந்த ஆடுகளிடம் அகப்பட்டது. நான்கு வருடத்தில் மஞ்சப்பை கனத்ததே தவிர, ஆடுகளைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நான் இன்றுவரை முழுதாக அவிழ்க்காத சிக்கல். 1983இல் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இருவர், பொது மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். பதினான்கு கேள்விகள், பாதி பதற்றத்துக்கு, பாதி சோர்வுக்கு. உடம்பு அலுப்பு, பசியின்மை, தூக்கம் பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். காசநோய்க்காரருக்கும் புற்றுநோய்க்காரருக்கும் நோயாலேயே பசி போகும், உடம்பு இளைக்கும். அதை வைத்து மனச்சோர்வு என்று எண்ணிவிடக்கூடாது. மிகச் சரியான யோசனை. ஆனால் நம் ஊரில் துக்கத்தைச் சொல்லும் மொழியே உடம்பின் மொழிதானே? வயிறு எரிகிறது என்கிறோம். நெஞ்சு அடைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது, கை கால் விட்டுப்போகிறது என்கிறோம். நம் நோயாளியின் பேச்சிலிருந்து உடம்பைக் கழித்தால் மீதி என்ன இருக்கும்? கழிக்காவிட்டால் காசநோய்க்காரர் எல்லோரும் மனச்சோர்வுக்காரர் ஆகிவிடுவார்களே? என் அனுபவத்தில், உடம்புப் பேச்சை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு ஆடுகளைப் பற்றிக் கேட்பதுதான் வழி. உடம்பு நோய் மட்டும் இருப்பவர், எழுந்திருக்க முடியாவிட்டாலும் படுத்த இடத்திலிருந்தே ஆட்டுக்குத் தழை போட்டாயா என்று கேட்பார்.

மிச்சக் கணக்கின் ஆபத்து மருத்துவ வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. லண்டன் நரம்பியல் மருத்துவமனையில் ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்ட 85 பேரை எலியட் ஸ்லேட்டர் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்பார்த்து 1965இல் எழுதினார். பலருக்கு நிஜமான நரம்பு நோய் இருந்தது. சிலர் இறந்தே போயிருந்தார்கள். அதன்பின் வந்த பல ஆய்வுகளை ஜான் ஸ்டோனும் கூட்டாளிகளும் 2005இல் தொகுத்தபோது, 1970களுக்குப் பிறகு இந்தத் தவறான கணிப்பு 100க்கு 4 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது தெரிந்தது. இன்று இந்த நோயைக் கணிப்பவர்கள், நேர்ச்சான்று கிடைத்தால்தான் சொல்லவேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட சான்று ஒன்றை ஹூவர் என்ற மருத்துவர் 1908இலேயே எழுதிவைத்தார். என்னிடம் வந்த பிளஸ் டூ மாணவி ஒருத்திக்குத் தேர்வுக்கு முன் இடது கால் விழுந்துவிட்டது. படுக்கவைத்து இடது குதிகாலுக்கு அடியில் என் கையை வைத்து, அழுத்து என்றேன். அழுத்த வரவில்லை. அடுத்து வலது காலை, நான் தடுக்கத் தடுக்க, மேலே தூக்கச் சொன்னேன். அவள் வலது காலில் கவனமாக இருந்தபோது இடது குதிகால் தானாகவே என் கையை அழுத்தியது. காலுக்குப் பலம் இருக்கிறது, அவள் கட்டளை அங்கே போய்ச் சேரவில்லை. அதை அவளுக்கே செய்துகாட்டினேன். "அப்போ நான் நடிக்கலைன்னு எங்க மாமாகிட்டச் சொல்லுங்க மேடம்" என்றாள். நடிப்பு என்ற சொல்லை எனக்கு முன்னால் எத்தனை பேர் அவள் காதில் போட்டிருந்தார்களோ. மூன்று வாரம் பிசியோதெரபி அறையில் அவளோடு போராடி நடக்கவைத்தார்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். பத்து வருடமாக மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிட்டுவந்த ஒருவர், வயிறு வலிக்கிறது என்று சர்ஜரி ஓபிக்குப் போனார். சீட்டில் மனநோயாளி என்று கண்டதும் என்னிடம் அனுப்பிவிட்டார்கள். வயிற்றுக்குள் பாம்பு இருக்கிறது என்று அவர் முன்பும் சொன்னதுண்டு. நானும் அதையே நினைத்து, மாத்திரையின் அளவைக் கூட்டினேன். வயிற்றில் கைவைத்துப் பார்க்கவில்லை. மறுநாள் குடல் அடைத்து அவசர அறுவை செய்யவேண்டிவந்தது. அவர் சாப்பிட்ட கிளோசபின் கடும் மலச்சிக்கலை உண்டாக்கும், அது முற்றினால் குடலையே அடைத்துவிடும் என்று ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அவர் பிழைத்துக்கொண்டார். பாம்பு என்று அவர் சொன்னபோதும் வயிறு என்றுதான் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு என் அறையில் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் யாரையும் அனுப்பியதில்லை.

விஷ முறிவு வார்டைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, கொஞ்சம் சொல்கிறேன். விஷம் குடித்துப் பிழைத்தவர்களின் கேஸ் ஷீட்டில், காவல்துறைப் பதிவில், மறுநாள் செய்தித்தாளில் என்று எங்கும் காரணம் ஒன்றே: தீராத வயிற்றுவலி. தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் இந்த வயிற்றுவலியைத் தெரியும். குடும்ப மானத்துக்காகச் சொல்லப்படுவது. வழக்கு வந்துவிடுமோ என்ற பயமும் அதில் உண்டு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் (2017) தன் 115ஆம் பிரிவில், உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், தண்டிக்கக்கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் கடமை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் ரத்தத்திலிருந்து விஷம் நீங்கியவுடன் டிஸ்சார்ஜ் கேட்கிறார்கள், கொடுத்தும் விடுகிறோம். கேட்டால் நினைவூட்டியதாகிவிடும் என்று இளம் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். கேட்பதால் யாரும் சாவதில்லை. "செத்துடலாம்னு இப்பவும் தோணுதா?" என்று நேராகக் கேட்டபோது, என் முன்னால் பலர் முதன்முறையாக மூச்சு விட்டிருக்கிறார்கள்.

மனநல மருத்துவம் பொது மருத்துவமனைக்குள் வந்தது தானாக நடந்ததல்ல. சென்னையில் 1794இல் தொடங்கிய காப்பகம் பின்னர் கீழ்ப்பாக்கத்தில் நிலைத்தது. ஊரின் பெயரே வசைச்சொல்லாயிற்று. அந்த மதிலுக்கு வெளியே, மற்ற நோயாளிகள் வந்துபோகிற அதே வாசலில் வைத்து இந்த நோயையும் பார்க்கவேண்டும் என்று 1933இல் கல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் முதல் பிரிவைத் தொடங்கியவர் கிரீந்திரசேகர் போஸ். 1938இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மசானி. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் திருச்சியும் ஒன்று. இவ்வளவும் நடந்திருக்கிறது. இருந்தும் 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு ஏற்றபடி 100க்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. அவர்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு ஓபி வரிசையில், கையில் மஞ்சப்பையோடு, நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டு நின்றிருப்பார்கள். மருத்துவமனைக்கே வராதவர்கள் அல்ல, வந்தும் அடையாளம் தெரியாமல் திரும்பியவர்கள்.

டெலிரியத்தைத் தடுக்கமுடியுமா என்று இனூயி 1999இல் 852 முதியவர்களை வைத்துப் பார்த்தார். புதிய மருந்து எதையும் கொடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டினார்கள், காதுக்கருவியைப் பொருத்தினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், நடக்கவைத்தார்கள், இரவில் தூங்கவிட்டார்கள், இன்று என்ன கிழமை என்று பேச்சுக்கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பில் 100க்கு 15 பேருக்கு வந்த குழப்பம், இவர்களில் 10 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அங்கே பயிற்சி கொடுத்து ஆட்களை வைக்கவேண்டியிருந்தது. நம் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஆள், சம்பளமில்லாமல், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். அவரை நாம் அட்டெண்டர் என்று கூப்பிட்டு, மருந்து வாங்கிவர அனுப்புகிறோம். ரவுண்ட்ஸ் வரும்போது வெளியே போகச் சொல்கிறோம்.

இதைப் படிக்கிற நீங்களும் என்றைக்காவது அப்படி ஒரு கட்டிலருகே உட்காரவேண்டிவரும். அப்பாவின் கண்ணாடியை வீட்டில் விட்டுவிடாதீர்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோங்கள். குடிப்பவராக இருந்தால், கடைசியாகக் குடித்தது எப்போது என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால் 14416 என்ற உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். வார்டில் டாக்டர் வரும்போது வெளியே போகச் சொன்னால், போவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, நேற்று அவர் எப்படி இருந்தார், ராத்திரி என்ன பேசினார் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.